குழாயில் அமுக்கம் குறைந்தால் வீடு குளிருமா?

லொங்குய்ய் நகரின் பழைய இரண்டு தட்டு, மூன்று தட்டு வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கும் எம்மவர்களிடமிருந்து பனிக்காலந்தோறும் ஒரே வகையான முறைப்பாடு எழுகின்றது. குழாயில் தண்ணீர் நூல்போல வருகின்றது. மேல்தட்டு அறையின் றேடியேற்றர் தொட்டால் சில்லென்றிருக்கின்றது. வீட்டுக்காரரிடம் கேட்டால், "நகரசபை தண்ணீரைக் குறைத்துவிட்டது, அதனால்தான் சூடு வரவில்லை" என்று பதில் கிடைக்கின்றது. கேட்டவரும் தலையாட்டிவிட்டு வந்து இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்கிறார். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அந்தப் பதில் பாதி உண்மைகூட அன்று. தண்ணீர் மெலிவதும் அறை குளிர்வதும் ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் நேரலாம். ஆயினும் ஒன்று மற்றதற்குக் காரணமாவது குறிப்பிட்ட சில வழிகளில் மட்டுமே. அவற்றை அறிந்து வைத்திருப்பவரை வீட்டுக்காரரோ பிளம்பரோ எளிதில் ஏமாற்ற முடியாது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். கியூபெக்கில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தினாலேயே சூடாக்கப்படுகின்றன. சுவரின் அடியில் நீளமாகப் பொருத்தப்பட்டிருக்கும், பிரெஞ்சில் 'பிளான்த்' எனப்படும் தகரப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் மின்சூடாக்கி. அதில் ஒரு துளி தண்ணீரும் இல்லை. அத்தகைய வீட்டில் குழாய் முற்றாக வற்றினாலும் அறையின் சூடு ஒரு பாகையேனும் குறையாது. அங்கே பார்க்கவேண்டியவை பிறேக்கரும் தேர்மொஸ்ராற்றுமே. நாம் இங்கு பேசுவது மற்றைய வகை வீடுகளைப் பற்றி: நிலக்கீழ் அறையில் ஒரு கொதிகலன், அதிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் ஏறும் குழாய்கள், அறைதோறும் வார்ப்பிரும்பு றேடியேற்றர். இவற்றுள் எண்ணெயில் இயங்குவனவற்றின் காலம் முடிந்து வருகின்றது. பழைய எண்ணெய்க் கொதிகலனை அகற்றிவிட்டு அதனிடத்தில் புதிய எண்ணெய்க் கொதிகலன் பொருத்துவது 2023 டிசம்பர் 31 முதல் இம்மாகாணத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. நல்ல நோக்கமுடைய விதிதான். ஆனால் மாற்றீட்டுச் செலவுக்கு அஞ்சும் வீட்டுக்காரர் சிலர், கிழட்டுக் கொதிகலனை ஒட்டுப்போட்டு இன்னொரு மாரிக்கு இழுத்துச் செல்ல இது தூண்டுகின்றது என்பது என் எண்ணம்.

அமுக்கத்தின் அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. துலாவிலும் கப்பியிலும் நீர் அள்ளிய தலைமுறைக்குக் 'குழாயமுக்கம்' என்றொரு கவலை இருந்ததில்லை. பின்னர் மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் வந்தன. சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கம் நீரை 2.31 அடி உயர்த்தும் என்பது கணக்கு. ஆகவே 20 அடி உயரத்திலுள்ள தாங்கியொன்று கிணற்றடிக் குழாய்க்குத் தருவது 9 இறாத்தலுக்கும் குறைவு. இங்கோ நகரக் குழாய் வீட்டினுள் நுழையுமிடத்தில் 40 முதல் 80 இறாத்தல் வரை இருப்பது வழமை. 80ஐ மீறினால் அமுக்கக் குறைப்பு வால்வு பொருத்தவேண்டும் என்பது குழாயமைப்பு விதி. ஊரில் 'நல்ல வேகம்' என்று நாம் மகிழ்ந்த தண்ணீர் இந்த நாட்டில் பழுதுபார்க்க வேண்டிய தண்ணீராகும். எங்கள் முதியவர்கள் பலர் குறைபாட்டைக் குறைபாடென்றே கொள்ளாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், "வருகுதுதானே" என்பார்கள்.

எங்கே குறைகின்றது?

பிளம்பரை அழைக்குமுன் காசின்றிச் செய்யக்கூடிய சோதனைகள் பல உள. ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் மெலிந்தால் அதன் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் சுண்ணமும் அடைத்திருக்கும். இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவைத்தால் போதும். எல்லாக் குழாய்களிலும் சுடுநீர் மட்டும் மெலிந்து குளிர்நீர் செவ்வையாக வந்தால், குற்றம் சுடுநீர்த் தாங்கியின் வால்விலோ அதன் வெளியேறு குழாயிலோ இருக்கின்றது. இரண்டும் வீடு முழுவதும் மெலிந்தால், அயலவரின் கதவைத் தட்டுங்கள். அவர்களுக்கும் அதே நிலையென்றால் அது நகரசபையின் விடயம். அவர்களுக்கு நன்றாக வருகின்றதென்றால் உங்கள் வீட்டின் பிரதான வால்வைப் போய்ப் பாருங்கள். யாரோ எப்போதோ ஒரு திருத்த வேலைக்காக மூடி, மீண்டும் திறக்கும்போது பாதியில் விட்ட வால்வுகள் இந்நகரில் எத்தனையோ.

வாளிக் கணக்கும் உதவும். இன்றைய சமையலறைக் குழாய்கள் நிமிடத்துக்கு 8 லீற்றரளவே விடும்படி செய்யப்பட்டவை. ஆகவே 10 லீற்றர் வாளி நிரம்ப ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலானால் அது நோயன்று. மூன்று நிமிடமானால் நோய்தான்.

இன்னும் நுட்பமாக அறிய விரும்புவோர் இரும்புக் கடைகளில் கிடைக்கும் சிறிய அமுக்கமானி ஒன்றை வாங்கித் துணி கழுவும் இயந்திரத்துக்கான குளிர்நீர்க் குழாயில் திருகிக்கொள்ளலாம். வெளிச்சுவர்க் குழாய் மாரியில் மூடப்பட்டிருக்கும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஒரு தடவையும், இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டு மறுதடவையும் முள்ளைப் பார்க்கவேண்டும். மூடியிருக்கும்போதே 30க்குக் கீழென்றால் நகரக் குழாயிலோ குறைப்பு வால்விலோ கோளாறு. மூடியபோது 60ஆக நின்று, திறந்தவுடன் 20க்கு விழுந்தால், அமுக்கம் இருக்கின்றது, வழிதான் ஒடுங்கியிருக்கின்றது என்பது பொருள். இந்த வேறுபாட்டை அறியாது, 'அமுக்கம் போதாது' என்று பம்பி விற்க வருபவரிடம் பணத்தை இழந்தவர்களும் உளர்.

வழி ஏன் ஒடுங்குகின்றது என்பதற்கு லொங்குய்ய் நகரின் வரலாற்றிலும் ஒரு விடை உண்டு. இன்றைய லொங்குய்யின் ஒரு பகுதி 1947இல் உருவாகி 1969இல் லொங்குய்யுடன் இணைக்கப்பட்ட வில் ஜாக் கார்த்தியே என்ற தனி நகரமாக இருந்தது. போருக்குப் பின் மொன்றியலில் வீடு கிடைக்காத ஏழைத் தொழிலாளர் ஆற்றைக் கடந்து வந்து, வாங்க இயன்ற சிறு துண்டு நிலத்தில் பலகையையும் தார்க் கடதாசியையும் கொண்டு குடிசை போட்ட இடம் அது. தெருக்கள் பலவற்றில் குழாய்நீரும் இல்லை, கழிவுநீர்க் கால்வாயும் இல்லை. தண்ணீரை விலைகொடுத்து வாங்கினார்கள். வைத்தியரும் எழுத்தாளருமான ஜாக் ஃபெறோன் அம்மக்களிடையேதான் தொழில் பார்த்தார். அங்கு வளர்ந்த பியேர் வலியேர் 1968இல் வெளியிட்ட தமது நூலில் அந்தச் சேற்றுத் தெருக்களை எழுதியுள்ளார். கனடாவில் பிறந்த வெள்ளைக் குடும்பங்கள் வாளி ஏந்தி நின்ற தெருக்களில் நாம் இன்று வாழ்கின்றோம் என்பதை எம் பிள்ளைகள் அறிவது நன்று. அக்காலத்தில் சிறுகச் சிறுக எழுந்த வீடுகளுக்குக் குழாய் வந்தபோது, கையில் அகப்பட்டதெல்லாம் பொருத்தப்பட்டது.

ஆகவே நிலக்கீழ் அறையில் சுவரைத் துளைத்து வரும் குழாயை ஒரு நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள். செம்புச் சல்லியின் நிறம் தெரிந்தால் அது செப்பு, கவலையில்லை. காந்தம் ஒட்டினால் நாகமுலாம் பூசிய இரும்பு. அதன் உட்புறம் ஆண்டுக்காண்டு துருவேறி, முக்கால் அங்குலக் குழாய் பென்சில் அளவு துளையாகிவிடும். காந்தம் ஒட்டாது, மென்மையாகச் சுரண்டுப்பட்டு வெள்ளிபோல மினுங்கினால் அது ஈயம்.

ஈயம் என்றால் அமுக்கத்தைவிடப் பெரிய விடயம் குழந்தைகளின் மூளை. குடிநீரில் ஈயத்தின் உச்ச அளவை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமிலிருந்து 5 ஆகக் கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 2019இல் குறைத்தது. கியூபெக்கும் அதனைப் பின்பற்றியது. 1970க்கு முந்திய சிறிய வீடுகளிலேயே ஈய இணைப்புக் குழாய்கள் பெரும்பாலும் உள்ளன. காலையில் சில நிமிடங்கள் தண்ணீரை ஓடவிட்ட பின்னரே குடிக்க எடுங்கள். பால்மா கரைக்கவும் சோறு சமைக்கவும் சுடுநீர்க் குழாயைத் திறவாதீர்கள். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது.

கொதிகலனின் தனி உலகம்

இனிச் சூட்டுக்கு வருவோம். குளிக்கும் தண்ணீரும் றேடியேற்றரில் ஓடும் தண்ணீரும் ஒன்றல்ல. றேடியேற்றர் நீர் மூடிய வட்டமொன்றில் அதே நீராகவே ஆண்டுக்கணக்கில் சுற்றிவருவது. நகரக் குழாயுடன் அதற்குள்ள தொடர்பு ஒரேயொரு சிறு வால்வினூடாக மட்டுமே. வட்டத்தில் நீர் குறைந்தால் அந்தக் குறைப்பு வால்வு வேண்டிய அளவு உள்ளே விட்டு நிரப்பும். வட்டத்தின் அமுக்கம் குளிர்ந்த நிலையில் 12 இறாத்தல் அளவில் இருக்கும். சூடேறும்போது 18, 20 வரை ஏறும். 30ஐ எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியே கொட்டும். நகரக் குழாயில் 60 இருந்தாலென்ன, 35 ஆகக் குறைந்தாலென்ன, 12ஐ நிரப்ப அது தாராளம். வீட்டுக்காரரின் பதில் இந்த இடத்திலேயே உடைந்துபோகின்றது.

அப்படியானால் மேல்தட்டு ஏன் குளிர்கின்றது? 2.31 அடிக் கணக்கை மறுபடி எடுங்கள். கொதிகலன் நிலக்கீழ் அறையில். மூன்றாம் தட்டின் றேடியேற்றர் அதற்கு ஏறக்குறைய 30 அடி மேலே. அந்த உயரத்துக்கு நீரை ஏற்ற மட்டும் 13 இறாத்தல் வேண்டும். உச்சியில் மிச்சமிருக்கவேண்டிய 4ஐயும் சேர்த்தால் 17. தொழிற்சாலையிலிருந்து 12இல் அமைக்கப்பட்டு வரும் குறைப்பு வால்வை அப்படியே பொருத்திவிட்டுப் போனால், இரண்டாம் தட்டு வரை சூடு நன்றாக இருக்கும். மூன்றாம் தட்டில் வளி நிறையும், றேடியேற்றர் குளிரும். முதலாம் தட்டில் இருக்கும் வீட்டுக்காரர், "எனக்குச் சூடாகத்தான் இருக்கிறது" என்று மனச்சாட்சியுடனேயே சொல்வார். வால்வின் திருகாணியைச் சரியான அளவுக்குத் திருப்புவது ஒரு கைதேர்ந்தவருக்குச் சிறிய வேலை.

கொதிகலனின் முகத்திலுள்ள மானியைப் பார்க்க உங்களுக்கு எந்த உரிமப்பத்திரமும் வேண்டியதில்லை. முள் 5இலோ பூச்சியத்திலோ நின்றால் வட்டத்தில் நீர் ஒழுகுகின்றது, அல்லது நிரப்பும் வால்வு அடைபட்டிருக்கின்றது, அல்லது அதனை யாரோ மூடிவிட்டார்கள். முள் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் 30ஐத் தொட்டு, நிலத்தில் ஈரம் காணப்பட்டால் விரிவுத் தாங்கி செத்துவிட்டது. சூடேறிய நீர் விரிய இடமின்றிப் பாதுகாப்பு வால்வினூடாக வெளியேறுகின்றது. வெளியேறியதை ஈடுசெய்யப் புதுநீர் புகும், புதுநீருடன் ஒட்சிசன் புகும், இரும்பு துருப்பிடிக்கும். வாரந்தோறும் றேடியேற்றரில் வளி சேருகின்ற வீட்டில் உண்மை நோய் இதுதான். பக்கத்திலுள்ள சிறு திருகைச் சாவியால் திறந்து, சீறல் நின்று நீர் சொட்டும் வரை விடுவது தற்காலிக நிவாரணமே. மேலும், வளியை எடுத்தபின் வட்டத்தின் அமுக்கம் குறையும் என்பதால் மானியை மீண்டும் பார்க்கவேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

நகர நீரின் அமுக்கம் மெய்யாகவே வெப்பத்தைத் தொடும் இடங்களும் இல்லாமலில்லை. சுவரில் தொங்கும் தாங்கியில்லாச் சுடுநீர்க் கருவிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லீற்றர் நீரோட்டமாவது இல்லாவிடில் தீமூட்டா. அங்கே அமுக்கம் குறைந்தால் சுடுநீர் இல்லை. தெருக் குழாய் உடைந்து அமுக்கம் விழும்போது, கொதிகலனின் அழுக்கு நீர் பின்னோக்கிக் குடிநீருக்குள் உறிஞ்சப்படலாம்; அதைத் தடுக்கும் வால்வு இருக்கின்றதா என்று பாருங்கள். மின்சுடுநீர்த் தாங்கி வெறுமையானால் அதன் பிறேக்கரை உடனே நிறுத்தவேண்டும். நீரில்லாத தாங்கியில் மின்தண்டு எரிந்துபோகும். தண்ணீர் திரும்பி வந்தபின் வெப்பநிலையைச் சிக்கனத்துக்காக 60 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். இளஞ்சூட்டில் லெஜியோனெல்லாக் கிருமி வளரும்.

கடுங்குளிரில், குறிப்பாக வெளிச்சுவரை ஒட்டிய குழாயொன்றில், நீர் திடீரென மெலிந்தால் அது உறைவின் முதல் அறிகுறி. ஒரு குழாயைப் பென்சில் தடிப்புக்கு ஓடவிட்டு, சுவரலமாரிக் கதவைத் திறந்து அறைச் சூட்டை உள்ளே விடுங்கள். மண்ணுக்குள் உறைபனி பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலுமே ஆழமாக இறங்கும். வெளியே வெயில் சிரிக்கும் நாளில் நிலத்தடிக் குழாய் உறைவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

1998 ஜனவரி

நீரமுக்கமும் வெப்பமும் ஒன்றாக வீழ்ந்த நாட்களை இப்பகுதி ஒரு தடவை கண்டது. 1998 ஜனவரி 5 முதல் 10 வரை பெய்த உறைமழை தென்கரையின் சில இடங்களில் 100 மில்லிமீற்றர் வரை படிந்தது. உயர்மின் கோபுரங்கள் தாள்போல மடிந்தன. ஹைட்றோ கியூபெக்கின் 14 இலட்சம் அளவிலான வாடிக்கையாளர் இருளில் இருந்தனர். மொந்தெறெஜியின் சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ ஒரு மாதமாயிற்று. 9ஆம் திகதி மொன்றியலின் நீர் சுத்திகரிப்பு நிலையங்களே மின்சாரத்தை இழந்தன. நீர்த்தேக்கங்களில் சில மணி நேரத்துக்கான நீரே எஞ்சிற்று. குழாய்களில் அமுக்கம் வீழ்ந்தது. நீரைக் கொதிக்கவைக்குமாறு அறிவிப்பு வந்தது. பனி விழுந்தமையால் பாலங்கள் மூடப்பட, லொங்குய்ய் ஆற்றின் இக்கரையில் தனித்து நின்றது. கொதிகலன் வைத்திருந்தோரும் தப்பவில்லை. எண்ணெய்ச் சுடருக்கும் சுற்றோட்டப் பம்பிக்கும் மின்சாரம் வேண்டும்.

அமுக்கம் விழுந்தால் ஏன் கொதிக்கவைக்கச் சொல்கிறார்கள்? அமுக்கமுள்ளவரை வெடிப்புகளினூடாக நீர் வெளியேதான் ஒழுகும். அது விழுந்ததும் மண்ணின் அழுக்கு நீர் உள்ளே வரும். 2024 ஆகஸ்ட் 16 அன்று ஜாக் கார்த்தியே பாலத்தருகே, 1985இல் பதிக்கப்பட்ட இரண்டு மீற்றருக்கு மேல் விட்டமுள்ள குழாய் வெடித்தபோதும் ஏறத்தாழ 1,50,000 வீடுகளுக்கு அதே அறிவிப்பு விடுக்கப்பட்டது. ஆனால் 2015 ஜனவரியில் லொங்குய்யில் நடந்தது வேறு. அப்போது 28,000 லீற்றர் டீசல் கசிந்து, லு றுவாயே சுத்திகரிப்பு நிலையத்தின் நீரைத் தொட்டது. அமுக்கம் குறையவில்லை, ஆயினும் 2,30,000 பேர் குடிக்கவேண்டாம் எனப்பட்டனர். டீசலைக் கொதிக்கவைத்து அகற்ற முடியாது. 'கொதிக்கவைத்துக் குடி' என்பதும் 'குடிக்காதே' என்பதும் வெவ்வேறு அறிவிப்புகள். பிரெஞ்சு தெரியாத வீட்டில் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

மின்வெட்டு நீடித்து வீடு உறையத் தொடங்கினால் பிரதான வால்வை மூடி, மேலும் கீழும் குழாய்களைத் திறந்து நீரை வடியவிடுங்கள். கரியடுப்பையோ ஜெனரேற்றரையோ ஒருபோதும் உள்ளே கொளுத்த வேண்டாம். 1998இலும், 11 இலட்சம் வாடிக்கையாளர் மின்சாரமிழந்த 2023 ஏப்ரல் பனிமழையிலும் காபனோரொட்சைட்டு உயிர் குடித்தது.

யார் திருத்துவது?

தெருவிலிருந்து காணி எல்லை வரை குழாய் நகரசபையினுடையது. அங்கிருந்து உள்ளே வீட்டுக்காரருடையது. எல்லையில் புதைந்திருக்கும் மூடுவால்வை இங்குள்ளவர்கள் 'பொனொம் ஆ லோ', அதாவது தண்ணீர் மனிதர், என்று செல்லமாக அழைப்பார்கள். வாடகைக்கு இருப்பவர் இவற்றுள் எதற்கும் பொறுப்பில்லை. குடியிருப்பை நல்ல வாழ்நிலையில் ஒப்படைத்துப் பேணுவது வீட்டுக்காரரின் கடமையென்று கியூபெக் குடியியற் சட்டத்தின் 1910ஆம் பிரிவு கூறுகின்றது. முறைப்பாட்டை எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அறை வெப்பநிலையைத் திகதியும் நேரமும் இட்டுக் குறித்து வையுங்கள். அறிவித்தும் அவர் உரிய காலத்தில் அசையாவிடில், அவசரமும் அவசியமுமான திருத்தத்தை நீங்களே செய்வித்து, நியாயமான செலவைக் கணக்குக் காட்டி வாடகையில் கழிக்க 1868, 1869ஆம் பிரிவுகள் இடமளிக்கின்றன. ஆனால் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் வாடகை தாமதித்தால் ஒப்பந்தத்தையே முறிக்கும்படி வீட்டுக்காரர் கேட்கலாம். அப்போது உங்கள் நியாயமெல்லாம் பின்னால் போய்விடும்.

வழக்கை விசாரிப்பது வீட்டுவசதித் தீர்ப்பாயம். 2020 ஆகஸ்ட் வரை 'றெஜி' என்ற பெயரில் நாம் அறிந்திருந்த அதே இடம். புகலிடக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் அங்கே போக அஞ்சுகிறார்கள். வாடகைச் சட்டம் ஒருவருடைய குடிவரவு நிலையைக் கேட்பதில்லை. வாடகை ஒப்பந்தம் இருந்தால் உரிமையும் இருக்கின்றது.

தெருக் குழாய் பற்றிய முறைப்பாட்டுக்கு 311. பிரெஞ்சு வராதவர்கள் இரண்டு தொடர்களை எழுதி வைத்துக்கொள்ளலாம்: 'பெஸ் து ப்ரெஸியோன் தோ' என்றால் நீரமுக்கம் குறைந்துவிட்டது, 'புய்த் தோ' என்றால் நீர் ஒழுகுகின்றது. தெருவின் பெயரையும், அயலவருக்கும் அதே நிலையா என்பதையும், அமுக்கமானி காட்டிய இலக்கத்தையும் சேர்த்துச் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் உங்களை வேறு யாரிடமும் திருப்பிவிடுவது குறையும்.